உடைஞ்சுதா, உடைச்சியா?

நவம்பர் 23 அரியலூர் மாவட்டத்தின் பிறந்த நாள். இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை பிறந்த மாவட்டம் இது. பெரம்பலூரிலிருந்து பிரிந்து 2001 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமானது. சரியாகப் பதினைந்து மாதம். 2002 மார்ச் 31 அன்று மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23 அன்று திரும்பவும் தனி மாவட்டம்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் இந்தச் சரித்திரம் முழுக்கக் காகிதமாகக் கிடக்கிறது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லா. அண்ணனுடைய மூத்த மகன் பிறந்ததும் திருச்சி மாவட்டம். சின்னவன் பிறந்தபோது பெரம்பலூர். பேத்தி பிறந்தது அரியலூர் மாவட்டத்தில். மூன்று பேரும் தொட்டிலில் கிடந்தது ஒரே கூடத்தில். வீடு அதே வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஓர் அடி நகரவில்லை.

இந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை மனத்துக்குள் ஏறக்குறைய முடிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை ஓர் அலுவலகத்துக்குப் போய் வந்த பிறகு அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

போனது சின்ன வேலைக்கு. நிலத்துப் பட்டாவில் அப்பாவின் பெயருக்கு நடுவே ஓர் எழுத்து வேறாக இருக்கிறது. பழைய பத்திரத்தில் சரியாக இருக்கிறது, தீர்வை ரசீதுகளில் சரியாக இருக்கிறது, கணினியில் எடுத்த படியில் மட்டும் வேறு. அந்த ஓர் எழுத்தினால் என் அப்பா யாரோ ஒருவருடைய அப்பாவாகிவிட்டார். கணினி முன் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் இரண்டு காகிதத்தையும் காட்டினேன். பார்த்தார்.

"ஆமா சார், மாறிடுச்சு."

"யாரும்மா மாத்தினது?"

"யாரும் மாத்தல சார். சிஸ்டத்துல ஏத்தும்போது மாறிடுச்சு. நீங்க திருத்தத்துக்கு மனு போடுங்க."

மனு போடுவதில் எனக்கு வருத்தமில்லை. எழுத்துப் பிழை யாருக்கும் வரும். என்னைச் சுட்டது அந்த "மாறிடுச்சு". மூன்று பேர் வரிசையில் நிற்க, சத்தம் போட்டுவிட்டேன். "எழுத்து தானா எழுந்து நடந்து போய் இடம் மாறி உட்காருமாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் முகம் சுருங்கித் தலையைக் குனிந்துகொண்டார். பேருந்து ஏறி ஊர் வந்து சேரும்வரை என் கோபம் ஆறவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னுடைய இந்த வழக்கு புதிதல்ல. ரேஷன் கார்டு பற்றி எழுதியபோதும், கல்யாணப் பத்திரிகையில் மாமன் பெயரை விட்டுவிட்டு "விட்டுப்போச்சு" என்றவர்களைப் பற்றி எழுதியபோதும் இதைச் சொல்லியிருக்கிறேன். நாம் "ஆயிடுச்சு" என்னும் சொல்லில் குடியிருக்கிறோம். லேட் ஆயிடுச்சு. மறந்துபோச்சு. காணாமப்போச்சு. ஃபைல் எங்கேயோ போயிடுச்சு. பால் பொங்கிடுச்சு. வாய் தவறி வந்துடுச்சு. எல்லாம் தாமாகவே நடக்கின்றன. செய்தவர் ஒருவரும் இல்லை.

என் அம்மாவிடம் இது நடக்காது. எனக்கு எட்டு வயது இருக்கும். அண்ணனும் நானும் கூடத்தில் பந்து எறிந்து விளையாடினோம். ஊறுகாய் இருந்த பீங்கான் ஜாடியில் பந்து பட்டது. வெள்ளையும் பழுப்புமாக அடுக்களைக்கு அழகாக இருந்த ஜாடி, அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீர். எண்ணெயும் மாங்காயும் தரையெல்லாம் ஓடியது. அம்மா ஓடிவந்தார். நான் முந்திக்கொண்டு, "ஜாடி ஒடைஞ்சிடுச்சும்மா" என்றேன்.

அம்மா குனிந்து கண்ணாடிபோல் சிதறிய சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். "ஒடைஞ்சுதா, ஒடைச்சியா?"

அந்தக் கேள்விக்கு ஒரு விதி உண்டு. "ஒடைச்சேன்" என்றால் அடி கிடையாது. "ஒடைஞ்சிடுச்சு" என்றால் உண்டு. அண்ணன் "நான்தாம்மா ஒடைச்சேன்" என்று சொல்லிவிட்டான். பந்தை எறிந்தது அவன்தான். ஆனால் பிடிக்காமல் விட்டது நான். அடி எனக்கு விழுந்தது. அன்று அது அநியாயமாகத் தெரிந்தது. அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த அடி எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய அடி என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மா ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஐயா தன்வினை, பிறவினை நடத்தியபோது எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது. உடைந்தது, உடைத்தேன். தொலைந்தது, தொலைத்தேன். கலைந்தது, கலைத்தேன். அழிந்தது, அழித்தேன். இரண்டுக்கும் நடுவில் மாறுவது பெரும்பாலும் ஒரே ஒரு மெய். மெல்லினமாகிய ந் போய், வல்லினமாகிய த் வருகிறது. பேச்சிலும் அப்படியே. உடைஞ்சது, உடைச்சேன். ஞ் மெல்லினம், ச் வல்லினம். மூக்கு வழியாக மெதுவாக நழுவுகிற ஓசையை விட்டுவிட்டு, பல்லையும் நாக்கையும் அழுத்திச் சொல்ல வேண்டிய ஓசைக்கு வந்தால்தான் வினையைச் செய்தவர் வாக்கியத்துக்குள் வருகிறார். தமிழை ஆக்கியவர்கள் இதை நினைத்துத்தான் ஆக்கினார்களா என்பது இலக்கண அறிஞர்கள் பேச வேண்டியது. எனக்கு அது தற்செயலாகத் தோன்றியதே இல்லை.

அம்மா இதைக் கற்றது பிறந்த வீட்டில். செட்டிகுளம் பக்கம் அவருக்கு ஊர். சின்ன வெங்காயச் சீமை. தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டங்களில் பெரம்பலூருக்கு முன்னிடம். அந்தப் பக்கம் போகிறவர்கள் காட்டோரங்களில் பட்டறைகளைப் பார்த்திருப்பார்கள். மேடான இடமாகப் பார்த்துக் கல் அடுக்கி, மேலே குச்சிகளைப் பரப்பி, தரைக்கும் வெங்காயத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டு, இரு பக்கமும் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்த நீளமான அமைப்பு. அகலம் அதிகம் வைக்க மாட்டார்கள். வைத்தால் நடுவில் காற்றுப் புகாது. பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு நன்றாகக் காயவிட்டு இதற்குள் அடுக்கினால் அடுத்த பட்டத்து விதைக்கு இரண்டு மூன்று மாதம் தாங்கும். விதை என்றால் இங்கே வெங்காயமேதான். காயை ஊன்றித்தான் பயிர். அதனால் பட்டறை என்பது விளைச்சலை வைக்கிற இடம் மட்டுமில்லை, அடுத்த வருஷத்துச் சோறும் அதற்குள்தான் இருக்கிறது. அடுக்கும்போது ஈரம் இருந்தால் எல்லாம் போயிற்று. ஒரு காயில் தொடங்கும் அழுகல் உள்ளுக்குள்ளேயே பரவும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலையில் வாடை வரும். அப்போது செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

அம்மாவுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது நடந்தது இது. எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மாசி மாதம். பிடுங்கிய வெங்காயம் காட்டில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் மேற்கே பச்சைமலைப் பக்கம் மேகம் கறுத்தது. தாத்தா பதறி, "இப்பவே பட்டறையில அடுக்குங்க" என்றார். அம்மாயி தடுத்தார். "இன்னும் ரெண்டு வெயில் காயட்டும். இது பெய்யற மேகமில்ல." தாத்தா கேட்கவில்லை. இருட்டுவதற்குள் அடுக்கி முடித்தார்கள். அன்று மழை பெய்யவில்லை. மறுநாளும் பெய்யவில்லை. இருபது நாள் கழித்து வாடை வந்தது.

பட்டறையைப் பிரித்தபோது வேலைக்கு வந்த பெண்கள் இருந்தார்கள், பங்காளிகள் இருந்தார்கள், அம்மா கையில் கூடையோடு நின்றார். எல்லோரும் தாத்தாவைத் தேற்றினார்கள். மேகம் ஏமாத்திடுச்சு என்றார் ஒருவர். காய்லயே நோவு இருந்திருக்கும் என்றார் இன்னொருவர். கண்ணு பட்டுடுச்சு என்றார் ஒரு கிழவி. நல்ல மனிதர்கள், அவருக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்கள். தாத்தா எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. "மேகம் ஒண்ணும் பண்ணல. ஈரத்தோட அடுக்கச் சொன்னது நான். அவ சொன்னா, நான் கேக்கல. நான்தான் கெடுத்தேன்" என்றார். மனைவி சொன்னதைக் கேட்காதது தன் தப்பு என்று அத்தனை பேர் முன்னால், அந்தக் காலத்தில், ஒரு சம்சாரி சொன்னார். அம்மாயி அதற்குப் பிறகு வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்தப் பட்டறைப் பேச்சை எடுத்ததில்லையாம். சொல்லிக் காட்ட அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை, தாத்தாவே சொல்லிவிட்டார்.

பங்காளி ஒருவருக்கு விதை வெங்காயம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார் தாத்தா. அதைத் துறையூர்ப் பக்கம் போய் விலைக்கு வாங்கி வந்து கொடுத்தார். அந்த வருஷம் அம்மாவுக்கு எடுப்பதாக இருந்த தோடு எடுக்கவில்லை. அதற்கும் தாத்தா மகளைக் கூப்பிட்டுக் காரணம் சொன்னார். "தோடு வராததுக்கு நாந்தான் காரணம், ஆத்தா." பதினொரு வயதுப் பெண்ணுக்கு இப்படிக் காரணம் சொன்ன அப்பா. அம்மா இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் குரல் மாறும். தோடு வராததைச் சொல்லி அழுகிறார் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

தாத்தாவின் ஊர் இருக்கும் ஆலத்தூர் வட்டத்து வழியாகத்தான் மருதையாறு வருகிறது. கொட்டரையில் இப்போது அதற்கு நீர்த்தேக்கம் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணலாகக் கிடக்கும். அம்மா பிறந்த சீமையைத் தாண்டி, அம்மா வாழவந்த சீமைக்கு வந்து, கொள்ளிடத்தில் கலக்கிறது. அரியலூரிலிருந்து திருச்சிக்கு ரயில் ஏறினால் கல்லகத்துக்கு முன்னால் அதன் மேல் பாலம் வரும். எங்கள் அப்பாயி அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் கைகூப்புவார். என்ன ஏது என்று கேட்டால், "போனவங்களுக்கு" என்பார்.

1956ஆம் ஆண்டு. தேதியைக் கவனியுங்கள், அதுவும் நவம்பர் 23. விடாமல் மழை பெய்த இரவு. மருதையாற்றில் வெள்ளம். பாலம் வெள்ளத்தில் சேதமாகியிருந்தது தெரியாமல், விடியும் முன்னே சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன விரைவு ரயில் அதன்மேல் ஏறியது. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாவட்டத்தின் பிறந்த நாளைப் பேசும்போது அதே தேதியில் நம் மண்ணில் போன இத்தனை உயிர்களை நினைப்பவர்கள் குறைவு. எனக்கு அது ஆறாத குறை. அடுத்த வருஷமாவது விழா மேடையில் ஒரு நிமிடம் எழுந்து நிற்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு சில மாதங்களுக்கு முன் மெஹபூப்நகர் பக்கம் ஒரு பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் இறந்தபோதே அவர் ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். இந்தத் தடவை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி எந்த விதத்திலும் காரணமல்ல என்றும், நெறிமுறைக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே இதை ஏற்பதாகவும் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

சாஸ்திரிக்குச் சொல்லிக்கொள்ள ஆறு இருந்தது. மழை இருந்தது. பாலத்தை அடிச்சிட்டுப் போயிடுச்சு என்பது பொய்யும் இல்லை. தாத்தாவுக்கு மேகம் இருந்தது மாதிரி. கை கூசாமல் நீட்டக்கூடிய காரணம் பக்கத்திலேயே இருக்கும்போது அதைத் தொடாமல் விடுகிறவர்களை நான் கும்பிடுகிறேன். பாண்டியன் நெடுஞ்செழியனை நான் எத்தனையோ தடவை இங்கே எழுதியிருக்கிறேன். சிலப்பதிகாரத்தில் எனக்குக் கண்ணகியைவிட அவன்மேல்தான் கண் போகும். தீர விசாரிக்காமல் ஓர் உயிரை எடுத்துவிட்டான், பெருங்குற்றம். ஆனால் சிலம்பை உடைத்து முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்த அந்தக் கணத்தில் அவனுக்கும் ஒரு பொற்கொல்லன் இருந்தான். சொன்னது அவன், திருடியது அவன். சபையில் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். பாண்டியன் பழியை அவன்மேல் போடவில்லை. கள்வன் என்ற பெயரைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு அரியணையில் சாய்ந்தான். கோப்பெருந்தேவியும் உடன் போனாள். மதுரை எரிந்ததை விட்டுவிட்டு இந்த இடத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் போதும் என்று நினைப்பேன்.

இப்படியெல்லாம் நினைத்து, அந்தக் கணினிப் பெண்மேல் இன்னும் கோபமாகவே இருந்தேன், வியாழக்கிழமை சாயங்காலம் வரை.

எங்கள் கூடத்து அலமாரியில் ஒரு கல் இருந்தது. அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வேலையில் சேர்ந்த புதிதில் கண்டெடுத்தது. ஆட்டுக்கிடாக் கொம்புபோலச் சுருண்டு, வரிவரியாக, இரண்டு கையிலும் ஏந்த வேண்டிய அளவு. அம்மோனைட் என்பது இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர்தான். வாரணவாசி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர் கடலாக இருந்த காலத்தில் அதில் நீந்திய உயிர். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அந்த இனம் அற்றுப்போய்விட்டது. அப்பா ஆயுதபூஜைக்கு அதையும் கழுவிப் பொட்டு வைப்பார். இத்தனை வருஷமாக நானும் வைக்கிறேன்.

சமையலறையில் இருந்தேன். கூடத்தில் கனமாக ஏதோ விழுந்த சத்தம். போனால் கல் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. பக்கத்தில் அண்ணன் பேத்தி, இரண்டாம் வகுப்பு படிப்பவள். அவள் அம்மா எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக, "கை பட்டு விழுந்துடுச்சு சின்ன மாமா. அவ வேணும்னு பண்ணல" என்றார்.

குழந்தை அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"விழல. நான் ஸ்டூல் போட்டு எடுத்தேன். நான்தான் ஒடைச்சேன், சின்னத் தாத்தா. அடிப்பியா?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அப்பாவின் கை பட்ட கல். கோபம் நெஞ்சு வரைக்கும் வந்ததை மறைக்கவில்லை. ஆனால் அந்த "ஒடைச்சேன்" என் அம்மாவின் வீட்டுச் சொல். இவள் என் அம்மாவைப் பார்த்ததே இல்லை. யாரிடம் கற்றாள்? அண்ணன் சொல்லிக்கொடுத்திருப்பான். ஜாடிக்காக அன்றைக்கு முன்னால் வந்து நின்றவன் அவன்தானே. "அடிக்க மாட்டேன் கண்ணு" என்றேன். அதுவரை அழாமல் நின்றவள் அதன் பிறகுதான் அழுதாள். தூக்கிக்கொண்டேன். இந்த வாரம் முழுக்க இருந்த எரிச்சலெல்லாம் அந்த அழுகையில் கரைந்துபோனது. சந்தோஷமாக இருந்தது, ரொம்பச் சந்தோஷமாக.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் கேட்ட "அடிப்பியா?" திரும்பத் திரும்ப வந்தது. அம்மாவின் விதிக்கு இரண்டு பாதி. உண்மையைச் சொல்வது எங்கள் பாதி. சொன்னால் அடிக்காமல் இருப்பது அம்மாவின் பாதி. அந்த இரண்டாவது பாதியை அம்மா ஒரு தடவையும் மீறியதில்லை. அதனால்தான் எங்களுக்கு வாய் வந்தது. நான் இத்தனை வருஷமாக முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தப் பெண் "நான்தான் சார் தப்பா ஏத்திட்டேன்" என்று சொல்லியிருந்தால் செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்திருப்பேன்? இன்னும் பலமாகக் கத்தியிருப்பேன். பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருப்பேன். மேலதிகாரியைப் பார்த்திருப்பேன். அவர் விளக்கம் கேட்டுக் காகிதம் கொடுத்திருப்பார். ஒப்பந்த வேலையாக இருந்தால் அந்த வேலையும் போயிருக்கும். "மாறிடுச்சு" என்ற சொல்லை அந்தப் பெண் பிறக்கும்போது கொண்டுவரவில்லை. என்னைப் போன்றவர்கள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக் கத்திக் கற்றுக்கொடுத்தோம். வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஐந்து மதிப்பெண் குறைந்ததற்குக் கையை ஓங்குகிற வீட்டில் பிள்ளை "படிக்கல" என்று எப்படிச் சொல்லும்? "கொஸ்டின் பேப்பர் கஷ்டமா வந்துடுச்சு" என்றுதான் சொல்லும்.

வெள்ளிக்கிழமை காலையில் மனுவை எடுத்துக்கொண்டு போனேன். சத்தம் போட்டது தப்பு என்று சொல்ல நினைத்துப் போனேன். அந்தப் பெண் விடுப்பு. வேறொருவர் இருந்தார், மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.

கல்லை ஒட்டவில்லை. உடைந்த பக்கத்தில் அறை அறையாகப் பிரிந்து, உள்ளே வெள்ளையாகப் படிகம் மின்னுகிறது. இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் இருந்தும் அதை நாங்கள் பார்த்ததில்லை. இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பத்தியில் பெரம்பலூர் மாவட்டம் 1996இல் உருவானதாக வந்திருந்தது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அடுத்த வாரம் கட்டுரைக்குக் கீழே, "தவறுதலாக அச்சாகிவிட்டது" என்று ஒரு வரி போட்டோம். அந்த வரியை எழுதிக் கொடுத்ததும் நான்தான். அச்சகத்தில் எந்தத் தவறும் நடக்கவில்லை. சரிபார்க்காமல் 1996 என்று எழுதியது நான். பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது 1995 நவம்பர் 1.